ஆறு வோல்ட்டும் அப்பாவின் வலது கையும்

ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்,
26-6-1968

பிலாய் இரும்பாலையில் இருக்கும் சிரஞ்சீவி காத்தவராயனுக்கு அம்மா பார்வதம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை சாரதாவும் சுகம், உன் அப்பா வலது மணிக்கட்டு நீங்கலாகச் சுகம், அங்கே உன் சுகத்துக்கு உடனே பதில் போடவும். மணிக்கட்டு என்றதும் பதறாதே. எலும்பு விட்டுப்போய்ப் புத்தூர்க் கட்டுப் போட்டு, மூங்கில் பத்தையோடு கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே அவர்தான். சொன்னதை அப்படியே எழுத நான் என்ன அவர் வைத்த குமாஸ்தாவா, முதலில் என் பாட்டு, அவர் பாட்டு கடைசியில்.

சுரங்கத்தில் ரிடையர் ஆனதும் வாங்கிய அந்தக் கறுப்புக் கார் பங்காருபேட்டை ஸ்டேஷனில் டாக்ஸியாக நின்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும், நம் வீட்டு அடுப்பும் அதனால்தான் எரிகிறது. அதை ஓட விட்டாரா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள வேண்டுமென்றால் அவருக்கு இன்பராஜ் இருக்கிறான், பிட்டர் வேலை செய்கிற மகாபுத்திசாலி. அண்ணே, எஞ்சின் ஹெட்டைத் தேய்ச்சி உட்காரவச்சா கம்ப்ரஷன் ஏறும், மேட்டுல வண்டி பிச்சிக்கினு போவும் என்றான். இவரும் தேய்க்கக் கொடுத்தார். மேட்டில் பிய்த்துக்கொண்டு போனது வாஸ்தவம்தான், ஆனால் ஓட ஆரம்பித்தால்தானே மேடு வரும்? ஆட்டுக்கல்லில் இரண்டு மடங்கு அரிசியைக் கொட்டிவிட்டு அதே நோஞ்சான் கை சுற்ற வேண்டுமென்றால் எப்படிச் சுற்றும், பழைய ஆறு வோல்ட் ஸ்டார்ட்டர் முக்கி முனகிப் பாதியில் படுத்துவிட்டது. காலையில் எப்படியோ எழுந்துகொள்ளும், சூடேறின பிறகு நிறுத்தினால் அவ்வளவுதான். அதைக் கேட்டுத்தான் பொங்கலுக்கு உனக்கு எழுதினேன், நீயும் கம்ப்ரஷன் ஏற்றின எஞ்சினுக்கு ஆறு வோல்ட் பத்தாது, ஸ்டார்ட்டர், டைனமோ, பாட்டரி, பல்பு எல்லாவற்றையும் பன்னிரண்டு வோல்ட்டாக மாற்ற வேண்டும், பாதி மாற்றிப் பாதி விட்டால் கெட்டுப்போகும் என்று விளக்கமாக எழுதினாய். படித்துக் காட்டினேன். பிலாயில இரும்பு காய்ச்சுறவனுக்குக் காரைப் பத்தி இன்னா தெரியும், முப்பத்தோரு வருஷம் வைண்டிங் எஞ்சின் ஓட்டி ஆளுங்களைப் பாதாளத்துக்கு எறக்கி ஏத்தினவன் நானு என்றார். நான் கேட்கிறேன், முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளாவது அந்த எஞ்சினை அவர் ஸ்டார்ட் செய்திருப்பாரா? முன் ஷிப்ட்காரன் ஓட்டிக்கொண்டிருந்ததை வாங்கிப் பிடித்து அடுத்த ஷிப்ட்காரன் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்தானே. அந்தப் புத்தியில்தான் ஸ்டேஷனிலும் எஞ்சினை அணைக்காமல் பெட்ரோலைக் குடிக்க விட்டு உட்கார்ந்திருந்தார், வீட்டுக்கு வந்தால் சுரங்கக் கழிவு கொட்டின சயனைட் மணல்மேட்டுச் சரிவில் மூக்கைக் கீழே காட்டி நிறுத்திவிட்டுக் காலையில் உருட்டிக்கொண்டு போனார். பங்காருபேட்டை ஸ்டேஷனில் சரிவுக்கு எங்கே போவது? மெட்ராஸ் ரயிலில் இறங்கி வருகிறவர்கள் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். ஒரு கலியாணக் கோஷ்டியில் மாப்பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியிருக்கிறான், சாரதா பார்த்துவிட்டு வந்து சிரித்தாள், எனக்கு மானம் போயிற்று.

அப்போதாவது உன் பேச்சைக் கேட்டாரா? முதலில் இன்பராஜ் ஏலத்தில் எடுத்த தடி கேபிளைக் கொண்டுவந்து பாட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் போட்டான், பாம்பு மாதிரி கிடந்தது. கொஞ்சம் தேவலை, ஆனால் சூட்டில் அதே முனகல்தான். அடுத்தது ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று இன்னொரு பழைய பாட்டரியைச் சேர்த்து இணைத்துவிட்டார்கள். ஸ்டார்ட்டர் ஆறு, பல்பு ஆறு, ஹாரன் ஆறு, பாட்டரி மட்டும் பன்னிரண்டு! ஹாரன் கழுத்தை அறுத்த கோழி மாதிரி ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது, விளக்குகள் ஒரே மூச்சில் போயின. ஆனால் எஞ்சின் மட்டும் பேய் பிடித்த மாதிரி சுற்றியது, அதைப் பார்த்து இரண்டு பேரும் குதித்தார்கள், பாத்தியா மே, உம்புள்ள எழுதினதெல்லாம் இல்லாமலே ஆச்சி பாரு என்று என்னிடம் பெருமை வேறு. பதினைந்து நாள்தான் ஆயுசு அந்தப் பெருமைக்கு. ஸ்டார்ட்டர் அடித்த அடியில் எஞ்சின் சக்கரத்தின் பல் ஒரு பக்கம் மொத்தமாக உதிர்ந்துவிட்டது. எஞ்சின் அந்த இடத்தில் வந்து நின்றால் ஸ்டார்ட்டர் சும்மா கிர்ரென்று சுற்றும், எஞ்சின் அசையாது.

அப்படி நின்ற அன்றைக்குத்தான் ஸ்டாண்டு தலைவர் தாமோதரன் வந்து, அண்ணே, வரிசையை அடைச்சிக்கினு கீது உங்க வண்டி, ஆடிக் கிருத்திகைக்குள்ள சொந்தமா ஸ்டார்ட் ஆவலன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவோம் என்று எல்லார் எதிரிலும் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், திருத்தணிக்குக் கூட்டம் போகிற நேரத்தில் செத்த வண்டியை யார் சுமப்பார்கள். இவருக்கு ரோஷம் வந்து முன்னால் போய் ஹாண்டிலை மாட்டிச் சுற்றினார். கம்ப்ரஷன் ஏறிய எஞ்சின் திருப்பி உதைக்கும், கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைத்து, உதைத்தால் சட்டென்று விட்டுவிட வேண்டும் என்று ஸ்டாண்டில் டீ விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். உதைத்தது. கைய வுடுங்க, வுடுங்கண்ணே என்று தாமோதரன் கத்தினாராம். விடவில்லையடா இந்த மனுஷன். சுரங்கத்தில் லீவரை விட்டால் கீழே இறங்குகிற கூண்டில் இருக்கிறவர்கள் போய்விடுவார்கள் என்று பழகின கையாம், இன்பராஜ் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். கார் ஹாண்டிலில் எந்தக் கூண்டு தொங்குகிறது என்று கேட்டேன். கேட்டேனே தவிர, அந்தக் கை தொங்கின தொங்கலைப் பார்த்து கட்டுப் போட நான்தான் இழுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது கேள் அவர் பாட்டை. நேற்று, அவன் எழுதினானே அந்தக் காயிதம் எங்க என்றார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன், இல்லை. கடைசியில் தானே சொன்னார், கார் சீட்டுக்கு அடியில் ஸ்பானர் துணியில் இருக்கிறதாம். எடுத்துப் பார்த்தால் கிரீஸ் விரல் படாத வரி ஒன்று இல்லை, டைனமோ என்று நீ எழுதிய இடம் தேய்ந்து ஓட்டையாகவே போய்விட்டது. இதைத்தான் எனக்குத் தெரியாமல் படித்துக்கொண்டு என் எதிரில் இரும்பு காய்ச்சுகிறவன் என்று திட்டியிருக்கிறார். சுரங்க வேலைக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்று நீ கிளம்பின நாளிலிருந்து இரண்டு வருஷமாக உன் பெயரைச் சொல்லாத வாய் அது. நீயும் லேசுப்பட்டவன் இல்லை, அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதினாயா? அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

முழுசும் பன்னிரண்டு வோல்ட்டாக மாற்ற ஒப்புக்கொண்டுவிட்டார். இத்துடன் வைத்திருக்கும் நியூஸ்பேப்பர் துண்டு ஸ்டார்ட்டர் உட்காருகிற இடத்தின் அளவு, போல்ட் ஓட்டைகளை நான்தான் கோணி ஊசியால் குத்தினேன். அதே அளவில் பன்னிரண்டு வோல்ட் ஸ்டார்ட்டர், பல் பொருந்துகிற மாதிரி பார்த்து எடுக்க வேண்டுமாம், சக்கரத்துக்குப் புதுப் பல்வளையம் இன்பராஜ் பெங்களூரில் பார்க்கிறானாம். பார்சலில் அனுப்பச் சொல்லவா என்று கேட்டேன். பார்சல்ல வோணாம், உருட்டிப் போட்டு ஒடச்சிடுவானுங்க, கையில எடுத்தாரச் சொல்லு என்றார். யார் கையில் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, யாராச்சும் என்றார். பிலாயில் நமக்கு எத்தனை யாராச்சும் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் அலையாதே, கடை எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே. ஆடிக் கிருத்திகை மறக்காதே. முருகன் துணை இருப்பான், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உன்னையும் அவரையும் கட்டிக்கொண்டு மாரடிக்கும் அம்மா,
பார்வதம்மாள்.

கவரை ஒட்டப் போகும்போது பார்த்தேன், நியூஸ்பேப்பர் துண்டின் மூலையில் இடது கையால் பென்சிலில் கோணல்மாணலாக என்னவோ எழுதியிருக்கிறார். உனக்குப் புரியாது, நானே படித்துச் சொல்கிறேன், இரண்டே வரி. பழைய ஸ்டார்ட்டரில் பல் ஒன்பது. உனக்கு லீவு எத்தனை நாள்.