வாய்தாவுக்கு முந்தின சாயங்காலம்

இன்று காலை கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் உன் குரல் கேட்டது. டம்ளரில் இருந்த டீ என் சட்டையில் கொட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தால், உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை, நீ எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தடையாணை என்றால் என்ன என்று நீ விளக்குகிறாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கும் வக்கீல் என்னை அவள் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரக்காணம் பஜாரில் ஒரே அறையில்தான் நாம் இருவரும் போர்டு மாட்டினோம். அன்றைக்கு வாய்தா விவரமெல்லாம் வக்கீல்களின் சொந்தச் சரக்கு. ஒன்றும் நடக்காது என்று தெரிந்த நாளிலும் கட்சிக்காரரை வரச் சொல்வோம். கூலியை விட்டுவிட்டு வந்து, டவாலி பேரைக் கூப்பிடும்வரை வராந்தாவில் நிற்பார்கள். அந்த வழக்கத்தை நீதான் கெடுத்தாய். கோர்ட் இணையதளத்தில் பட்டியலைப் பார்த்து, முந்தின நாள் சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுவாய்: "நாளைக்கு வெறும் வாய்தாதான். நான் போறேன். நீங்க உப்பு வாரப் போங்க." தீர்ப்புகளையும் பேச்சுத் தமிழில் சொல்லிப் போடுவாய், என் கட்சிக்காரர்களுக்கும் சேர்த்து.

"ஏம்பா, எல்லாத்தையும் இப்படிக் கொட்டிட்டா நம்மகிட்ட எவன் வருவான்?" என்றேன்.

"தெரிஞ்சுகிட்டு வரட்டும்டா. அப்பதான் நாமளும் ஒழுங்கா படிப்போம்."

வந்தார்கள். உன்னிடம்தான் வந்தார்கள். அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

உப்பளத்துப் பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டார்களே, நீ தொடுத்த அந்த வழக்கு இப்போது என் கையில். பாதை திறக்காவிட்டால் அஞ்சலைக்கும் மற்றவர்களுக்கும் இந்தப் பருவம் வேலையே இல்லை. சாயங்காலம் பட்டியலைப் பார்த்தேன்; நாளை வாதம், அவர்களும் வந்தாக வேண்டும். குழுவில் முதல்முறையாக நான் பேசினேன். உன் சாயல் வந்துவிடக் கூடாதென்று அழித்து அழித்துப் பேசி அனுப்பினேன்.

உடனே அஞ்சலையின் பதில் வந்தது: "வந்துடறோம் சார். நீங்க சொன்னது நல்லா புரிஞ்சுது. அண்ணன் பேசற மாதிரியே இருக்குது."

சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிறும் எரிந்தது. நாளை நான் ஜெயித்தாலும் "அண்ணன் கேஸ் ஜெயிச்சிடுச்சு" என்றுதான் சொல்லப் போகிறார்கள். பரவாயில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. முதலில் பாதையைத் திறந்து கொடுத்துவிடுகிறேன். உன்மேல் பொறாமைப்பட அதற்குப் பிறகும் எனக்கு ஆயுசு இருக்கிறது.