அடுத்த தடவையும் நம்ம வேன்

ஆவணி 2, திங்கள்

காலையிலேயே வெயில். வேன் இரண்டுக்கும் சீட் உறை மாற்றியாகிவிட்டது. திண்டிவனம் பிஸ்கட் கம்பெனியில் ஷிப்ட் ஆட்களை ஏற்றும் காண்ட்ராக்ட் யாருக்கு என்று மேனேஜர் மலர் மேடம்தான் முடிவு செய்வார். எனக்கா, மச்சானுக்கா. மச்சான் வேனில் ஏசி. என்னிடம் மரியாதை. டிரைவர் ஏழுமலைக்குப் பாடம்: இறங்கும் ஒவ்வொருவருக்கும் சிரித்த முகம், ஒரு சாக்லேட், "சௌகரியமா இருந்துச்சுங்களா? அடுத்த தடவையும் நம்ம வேனையே கூப்புடுங்க."

மனைவி: "எங்கண்ணன் இதெல்லாம் இல்லாமயே ஓட்டிக்கினுதான கீறாரு." இவள் எந்தக் கட்சி?

ஆவணி 4, புதன்

மலர் மேடத்தின் அப்பா விழுப்புரத்தில் இறந்துவிட்டார். பாவம். துக்கத்துக்குப் போக கம்பெனி ஆட்கள் நம் வேனைக் கேட்டார்கள். வாடகை வேண்டாம் என்றேன். மாலையும் என் செலவு. (மனசுக்குள் காண்ட்ராக்ட். சாமி மன்னிக்கட்டும்.)

சாயங்காலம். ஏழுமலை முகம் சரியில்லை. கேட்டால், சாவு வீட்டு வாசலில், மேளம் அடித்துக்கொண்டிருக்க, இறங்கிய அத்தனை பேரிடமும் சிரித்த முகமாக முழுப் பாடத்தையும் ஒப்பித்திருக்கிறான். மேடம் எதிரிலேயே. சாக்லேட் வேறு.

"நீங்கதானண்ணா ஒருத்தரையும் உடாம சொல்லணும்னீங்க?"

அறையலாம் போல வந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

ஆவணி 5, வியாழன்

மச்சான் போன். "இன்னா மாப்ள, எழவு ஊட்ல போயி அடுத்த தடவைக்கும் புக்கிங் கேட்டியாமே?" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல்.

மேடம் போனை எடுக்கவில்லை. இந்தக் காண்ட்ராக்ட் போனால் ஒரு வேனை விற்க வேண்டியதுதான்.

ஆவணி 8, ஞாயிறு

தூறல். விழுப்புரம் போனேன், துக்கம் விசாரிக்க. துக்க வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று ஏழுமலைக்கு வழியெல்லாம் வகுப்பு. கடைசியில் நம்பிக்கை வராமல் அவனை வேனிலேயே உட்கார வைத்துவிட்டேன்.

மேடத்தைக் கும்பிட்டேன். "தப்பு என்னுதுங்க. நான் சொன்னதத்தான் அவன் செஞ்சான்."

"எங்கப்பா இருந்திருந்தா உழுந்து உழுந்து சிரிச்சிருப்பாருங்க." கண் நிறைந்திருந்தது. எனக்கும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. காண்ட்ராக்ட் ஞாபகமே இல்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். "அப்போ போய்ட்டு வர்றேன் மேடம்."

யாரோ ஒரு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

மேடம் என்னையே பார்த்தார்.

"வாங்க. ஒண்ணாந்தேதி, கம்பெனி கேட்டுக்கு. வேன் மட்டும் ஓடட்டும். ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."