தேன் இல்லாத சைடர்

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா நறுக்கிவைத்து மறந்த ஆப்பிள் துண்டுகள் சமையலறையில் பழுப்பேறிக் கிடந்தன. முகர்ந்து பார்த்தேன். புளிப்பும் ஈரமரமும் கலந்த வாசம். உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, மாமா.

நீங்கள் அப்பாவின் ஊர்க்காரர். சொந்தமில்லை, ஆனாலும் எனக்கு மாமா. இந்த வளைகுடா நகரமான மனாமாவில் ஒரு ஹோட்டலின் மதுக்கூடத்தில் கிளாஸ் கழுவினீர்கள். வெள்ளிக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் குதைபியாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தேநீரை ஒரு வாய் குடித்ததுமே, "அக்கா, இது ரெண்டாந்தரம் கொதிச்ச தண்ணி" என்பீர்கள். அம்மாவுக்குக் கோபம் வரும். நீங்கள் சொன்னது உண்மையாகவும் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை போத்தலோடு வந்தீர்கள். இங்கிலாந்தில் ஏதோ தோட்டத்தில் பழைய முறைப்படி ஆப்பிளைப் புளிக்கவைத்துச் செய்த சைடர். அதன் சுவையைச் சொல்லும் அட்டை ஒன்றை மேசைகளில் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் நன்றாக எழுதித் தருபவருக்குக் கவுண்டரில் வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாக்கு உங்களிடம் இருந்தது, ஆங்கிலம் என்னிடம்.

"பிள்ளைக்கு அதைக் குடுத்துப்போடாதை தம்பி!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்.

"இல்லையக்கா, அவவுக்குப் பென்சில் மட்டும்தான்."

ஒரு மிடறு வாயில் வைத்துக் கண்ணை மூடினீர்கள். "முதல்ல விளாங்காயின்ர புளிப்பு. பிறகு நாக்கு இழுபடுது, வாழைக்காய்த் தோலைக் கடிச்ச மாதிரி. இனிப்பு மருந்துக்கும் இல்லை. விழுங்கினாப் பிறகுதான் பழத்தின்ர வாசம் மெல்ல மேல வருது. அதுதான் இதின்ர வடிவு."

எழுதினேன். ஆனால் இனிப்பே இல்லாததை யார் வாங்குவார்கள்? பள்ளிக்கூடக் கட்டுரைகளில் எனக்கு மார்க் வாங்கித் தரும் வரி ஒன்றைச் சேர்த்தேன்: "தேனைப் போல இனிமையானது."

"நான் சொன்னதைத்தானே எழுதினனி?" என்று கேட்டீர்கள்.

"ஓம் மாமா" என்றேன்.

அட்டையை நம்பி வாங்கிய ஒருவர் முதல் மிடறிலேயே கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டாராம். யார் எழுதியது என்று மேனேஜர் கேட்டபோது, "நான்தான்" என்றீர்களாம். அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வெள்ளிக்கிழமைகள் நீங்கள் வரவில்லை. அம்மா உங்கள் தட்டை எடுத்துவைத்து, பிறகு கழுவாமலே உள்ளே வைத்தார்.

மூன்றாம் வாரம் வாசலில் நின்று, "எங்க பிள்ளை, உன்ர தேன்கூட்டைக் காட்டு பாப்பம்" என்றீர்கள். நான் அழுதுவிட்டேன்.

"அழுதது காணும். யல்லா, கெதியாப் பென்சிலை எடு. மேனேஜர் இன்னொருக்கா எழுதச் சொல்லியிருக்கிறார்."

இந்த முறை நீங்கள் சொன்னது மட்டும். விளாங்காயைக் கண்டிராத வெள்ளைக்காரருக்கு அந்தப் புளிப்பை எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் சண்டை பிடித்தோம். அந்த அட்டை மேசைகளில் நின்றது. ரமழான் கழிந்ததும் நீங்களும் கவுண்டரில் நின்றீர்கள், ஏழே ஏழு மாதம். லீவில் யாழ்ப்பாணம் போன உங்களைக் காய்ச்சல் திரும்பி வர விடவில்லை.

போன வாரம், நீங்கள் இறந்ததைச் சொல்லி, உங்களைப் பற்றி உங்கள் ஹோட்டலுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னார் அப்பா. "அவர் யாரோடும் கோபித்ததே இல்லை" என்று தொடங்கினேன். அதிலும் தேன் மணத்தது. பிறகு அதை அடித்துவிட்டு, "அவர் என்னோடு இரண்டு வாரம் கோபமாக இருந்தார்; மூன்றாம் வாரம் தானே வந்தார்" என்று எழுதினேன்.

அப்பா படித்தார். அப்படியே உறையிலிட்டு ஒட்டினார்.