ஈர்க்குச்சி இறங்குகிறது

ஸ்ரீரங்கம்
18-11-1958, செவ்வாய், பகல்

அன்பு மகள் ரங்கநாயகிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உன் மாமியாரும் வேதாரண்யத்தில் சுகம் என்று நம்பித்தான் எப்போதும் எழுதுவேன், இன்று அப்படி எழுதக் கை வரவில்லை, சுகமாக இருக்க வேண்டுமே என்று எழுதுகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ரசூல் பாயோடு, நாளை மத்தியான வண்டியிலேயே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு வந்துவிடு. காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய், ஆனாலும் முழுக்கப் படி.

போன வாரம் எட்டாம் வகுப்புக்குக் காற்றழுத்தப் பாடம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஒரு ஈர்க்குச்சியைப் படுக்கவைத்து ஒட்டி, விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் நுனிக்குப் பக்கத்தில் கோடு போட்ட அட்டையை நிறுத்தினேன். வெளியே அழுத்தம் குறைந்தால் பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று ரப்பரை மேலே தள்ளும், குச்சியின் நுனி இறங்கும், மழையோ புயலோ வரலாம் என்று அர்த்தம். வஹீதா என்று ஒரு வாயாடிப் பெண், டீச்சர் இது கிளி ஜோசியத்துக்குத் தம்பியா என்றாள், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை குச்சி சட்டென்று இறங்கியது. பதறிப்போய் அப்பாவைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சரம்மா, அடுப்புப் பக்கத்துல வெச்சா அது உங்க ரசம் கொதிக்கிறதத்தான் சொல்லும், புயலையா சொல்லும் என்றார். உண்மைதான், சூடு பட்டாலும் உள்ளே இருக்கும் காற்று விரியும். இத்தனை வருஷம் பாடம் நடத்துகிறவளுக்கு அது தோன்றவில்லை. வெட்கத்தோடு பாட்டிலை எடுத்துப்போய் உள்ளறையில், மணல் நிரப்பிய பானைக்குள் கழுத்துவரை புதைத்து வைத்தேன்.

இன்று விடிந்ததிலிருந்து மழை, பள்ளிக்கூடம் லீவு. வீடே குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கிக் குச்சி ஏற வேண்டும். ஆனால் அது இறங்குகிறது ரங்கா. எட்டு மணிக்கு ஒரு கோடு, பத்து மணிக்கு இன்னொரு கோடு. இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை. மணலைத் தொட்டுப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு உனக்குத் தந்தி கொடுக்கப் போனார். லைன் கிடைக்கவில்லை என்று நனைந்து திரும்பினார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொல்கிறார்கள், எங்கே கரை தொடும் என்று இன்னும் தெரியவில்லையாம். அப்பாவோடு ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கிற ரசூல் பாயின் மகள் ஜஹானாரா உனக்குப் பக்கத்தில் தோப்புத்துறையில்தானே இருக்கிறாள். விஷயம் கேட்டு வந்தவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். நீங்க சும்மா பயப்படுற ஆளில்லைங்க, நான் போயி ரெண்டு புள்ளைங்களையும் அழைச்சிட்டு வந்துடுறேன் என்றார். ஒரு ஈர்க்குச்சியை நம்பி ஒரு மனிதர் கொட்டுகிற மழையில் ரயிலேறுகிறார். பொய்யாகிப்போனால் ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். மெய்யாகிவிட்டால் என்று அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. அழுத்தம் குறைந்தால் புயல் என்று வகுப்பில் எத்தனையோ தடவை ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கிறேன், கடற்கரை ஓட்டு வீட்டில் நாலு மாதக் குழந்தையோடு யாராவது இருப்பார்களே என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சம்பந்தியம்மா, தொடப்பக்குச்சி சொன்னதுக்கா வீட்டைவிட்டு ஓடுற என்று கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களையும் கூட்டி வா. உப்பளத்தில் குவித்த உப்பை மூடாமல் நகர மாட்டேன் என்று மாப்பிள்ளை சொல்வார். உப்பை மறுபடி விளைவித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல். அப்படியும் வராவிட்டால் கோயில் கல்மண்டபத்துக்காவது போய்விடச் சொல். குழந்தைக்குக் காதை மூடித் துணி கட்டு, ஈரம் பட விடாதே. ரங்கநாதர் உங்கள் எல்லோருக்கும் துணை இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. இதற்குப் பதில் எழுத உட்காராதே, எழுதுகிற நேரத்தில் ஸ்டேஷனுக்கு நட.

பயந்துகொண்டிருக்கும் உன் அம்மா,
வள்ளிக்கண்ணு