மேல்தண்ணி மீனுக்கு ஒரு மூடி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களோடு நேராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. உங்களுக்கும் இல்லை. ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், நடுவில் எப்போதும் ஒரு மீன்தொட்டி இருந்தது. இந்த ஒரு தடவை மீனை ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். நாளை உங்களுக்கு வருஷத் திதி. அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் வீட்டு நிலவரம். உங்கள் மகனுக்குத் தாலுகா ஆபீசில் ஜன்னலோரமாக இடம் கிடைத்திருக்கிறது, அதையே பதவி உயர்வு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். படத்துக்குச் சட்டம் போடும் உங்கள் கடையை ரஹீம் பாய் பார்த்துக்கொள்கிறார். கண்ணாடி வெட்டும் உங்கள் கட்டரை அவரிடமே கொடுத்துவிட்டேன். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

எழுபத்தேழில் நானும் உங்கள் மகனும் உங்களைக் கேட்காமல் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றோம். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டவள் என்பதைத் தவிர உங்களுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அத்தை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். நீங்கள் உள்ளே வரச் சொல்லவில்லை, வெளியே போகவும் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அதில் பத்துப் பதினைந்து கப்பியும், கரிக்கட்டை நிறத்தில் ஒரு மோலி மீனும் இருந்தன. மோலிக்குக் கறுப்பன் என்று பெயர் வைத்திருந்தீர்கள்.

மூன்றாம் நாள்தான் உங்கள் குரலை ஒழுங்காகக் கேட்டேன்.

"டேய் கறுப்பா, இன்னைக்கு யாரோ ரசத்துல உப்பு ஜாஸ்தியா போட்டுட்டாங்கடா."

எனக்குப் பொறுமை கம்மி என்று உங்கள் மகன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து வந்து நானும் தொட்டியைப் பார்த்தே சொன்னேன்: "கறுப்பா, ரெண்டு தடவ கேட்டு வாங்கி ஊத்திக்கும்போது உப்பு தெரியலையாமா?"

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது சிவந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டின் தபால் ஆபீஸ் கறுப்பன்தான். கெரசின் தீர்ந்தது, உங்கள் சட்டையில் பித்தான் அறுந்தது, எங்கள் அம்மா ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் போட்டது, எல்லாம் அவன் வழியாகத்தான் போய் வந்தன. ஒரு நாள் கறுப்பன் குட்டி போட்டான். கடுகு மாதிரி இருபது குட்டி. நீங்கள் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். "கறுப்பன் இல்ல, கறுப்பாயி"னு நான் மீனிடம் சொன்னேன். பெரிய மீன் குட்டியைத் தின்றுவிடும் என்பதையும், அதற்குள் வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் நீங்கள் கறுப்பாயிக்குச் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஆள் இருக்கும்போதே இல்லாத மாதிரி 'யாரோ' என்று சொல்வதை எத்தனை நாள் கேட்க முடியும்? சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு தடவையாவது நேராக ஏதாவது கேட்டுவிட மாட்டீர்களா என்று இருந்தது. திட்டினாலும் பரவாயில்லை.

பிறகு அந்தக் கார்த்திகை. தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் குளித்துக் குளித்துக் கிணற்றை வற்ற இறைத்துவிட்டார்கள். நீங்கள் கடைக்குக் கிளம்பும்போது, "தண்ணி கலங்கலா இருக்குதுடா, யாருக்கும் கண்ணு தெரியல"னு தொட்டியிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்குச் சுருக்கென்றது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் எடுத்துக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ரொப்பினேன். தீபக் கூட்டத்துக்காக அந்த வாரம் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவார்கள் என்று தெரியாதா? தெரியும். வாயில் வைக்க முடியவில்லை என்று காலையில் நானே மூஞ்சியைச் சுளித்தேன். மீனுக்கும் வாய் இருக்கிறது என்பது தோன்றவில்லை.

சாயங்காலம் நீங்கள் வந்தபோது எல்லாம் மிதந்தன. கறுப்பாயி மட்டும் அடியில் கிடந்தாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லையே. பதினோரு நாள் அப்படியே போனது. காலித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு எழுந்து போவீர்கள். எனக்கு அந்தச் சமயத்தில் இருந்த பயம் வேறு எப்போதும் இருந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் மகனை இழுத்துக்கொண்டு வேங்கிக்கால் ஏரிக்கால்வாய்க்குப் போனேன். ஆளுக்கு ஒரு பக்கம் துண்டைப் பிடித்து ஆறு மீன் பிடித்தோம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளியில் ஒரு பொட்டு. கிணற்றுத் தண்ணீர் ஊற்றி விட்டேன். நீங்கள் வந்து வெகுநேரம் பார்த்தீர்கள்.

"இது மேல்தண்ணி மீனு. மூடி போடலைனா எகிறிடும்மா."

எகிறிடும் என்று நிறுத்தியிருக்கலாம். அந்த 'மா' யாருக்கு? மீனிடம் எப்போதும் 'டா'தான். உங்கள் மகனைக் கேட்டால், "அது சும்மா வாய்ல வந்திருக்கும், வேலையப் பாரு" என்றார். மறுநாள் கடையிலிருந்து கண்ணாடியில் மூடி வெட்டிக் கொண்டு வந்தீர்கள், இரை போட ஒரு மூலையை மட்டும் விட்டு. மறுபடியும் பழைய கதைதான், தலைப் பொட்டை வைத்து மீன்களுக்குப் புதுப் பெயர் மட்டும். "விபூதிக்காரனுங்களா, யாரோ கதவத் தாழ் போடாம தூங்கிட்டாங்கடா." அந்த ஒரு 'மா'வை வைத்துக்கொண்டே நான் ஏழு வருஷம் ஓட்டினேன்.

போன மாதம் ரஹீம் பாய் சொன்னார்: "அந்த மூடிய மூணு தடவ அளந்தாரும்மா. 'மருமக புடிச்சாந்த மீனு பாய், அளவு தப்பிடக்கூடாது'ன்னாரு." என்னிடம் சொல்லாத வார்த்தையைக் கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். சந்தோஷப்பட்டேன். கூடவே அதைக் கேட்டிருக்க வேண்டாமே என்றும் இருந்தது. அதற்குக் காரணம்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் மாசியில், ஒரு நாள் காலையில் நான் தொட்டியைத் துடைப்பதற்காக மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். கொல்லையில் சத்தம் கேட்டது. நீங்கள் மார்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மத்தியானம் கண்ணைத் திறந்தீர்கள். உங்கள் மகன் மருந்து வாங்கப் போயிருந்தார். அங்கே மீன் இல்லை. கட்டிலும் நானும்தான். என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்:

"மூடி போட்டியா?"

'யாரோ' இல்லை. 'போட்டியா'. ஒன்பது வருஷத்தில் என்னிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி.

"போட்டேன் மாமா."

சொல்லும்போதே மூடி சுவரில் சாய்ந்திருப்பது எனக்குத் தெரியும். நீங்கள் தலையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பிறகு பேசவில்லை. மறுநாள் உங்களை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது கூடம் முழுக்க ஆட்கள். தொட்டி வைத்த பலகைக்கு அடியில் ஒரு மீன் காய்ந்து கிடந்தது. பொட்டு மங்கியிருந்தது. யாரும் பார்க்காமல் எடுத்து வாழைக்கு அடியில் புதைத்தேன். அன்று நான் அழுததெல்லாம் உங்களுக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதிதான் உங்களுக்காக.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டியிருப்பீர்கள். நேராக என்னையே திட்டியிருப்பீர்கள். அதைப் போய்க் கெடுத்துக்கொண்டேனே என்றுதான் ஆற மாட்டேன் என்கிறது.

நாளை வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும், தொட்டியைக் கொல்லைக்கு நகர்த்தலாம் என்கிறார் உங்கள் மகன். நகர்த்த மாட்டேன். இப்போது அதில் நாலு விபூதிக்காரர்கள் இருக்கிறார்கள். தீர்ந்தால் எப்போதும்போல வேங்கிக்கால் போவேன். இனிமேல் உங்களிடம் எதையும் மீனை வைத்துச் சொல்ல மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு ஒரு வருஷம் கழித்துப் பதில்: அன்றைக்குப் போடவில்லை, மாமா. இப்போது எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்துதான் கையெழுத்து வைக்கிறேன்.

உங்கள் மருமகள்,
வசந்தா