பம்ப் மேல் போட்ட பழி

மண் தோண்டும் சின்ன இயந்திரத்தின் பக்கெட் திக்கித் திக்கித் தூக்கியதால், அதற்கு ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப் போய்விட்டது என்று அதை ஓட்டும் கணவன் நேற்று சாதித்தான். சோதிக்காமல் பழி போடக் கூடாது என்றாள், மெக்கானிக்கான மனைவி. முகம் கொடுத்துப் பேசாமலேயே இருவரும் சாப்பிட்டு எழுந்தார்கள். காலையில் அவன் எழுவதற்குள் அவள் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து, வேறு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சீட்டு எழுதினாள்:

"பம்ப் டாக்டருக்கு வணக்கம். உங்க நோயாளி பிழைச்சுக்கிச்சு. ஆயில் நுரைச்சுக் கிடந்துச்சு. உள்ள காத்து போனா அப்படித்தான், பக்கெட்டும் திக்கித் திக்கித்தான் தூக்கும். ஆயில் டேங்க்ல இருந்து பம்புக்குப் போற ஹோஸ்ல கிளிப் லூசு, காத்து அது வழியாத்தான் போயிருக்கு. முறுக்கிட்டேன். பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, ஆயில் அளவைப் பாத்துட்டு வேலையை ஆரம்பிங்க. சாவி ஃப்ளாஸ்க் பக்கத்துல. முட்டை அவிச்சிருக்கேன். கோவத்துல விட்டுட்டுப் போகாதீங்க, முட்டை உங்களை ஒண்ணும் சொல்லல."

செருப்பை மாட்டும்போது மனசு உறுத்தியது. திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"போன வாரம் அந்த ஹோஸை மாத்திட்டு, கிளிப்பைச் சரியா முறுக்காம விட்டது நான்தான். சாயங்காலம் திட்டுங்க. ஆனா சிரிக்காம திட்டணும்."