ரேடாரும் லயத்துக்கு மேலே ஒரு கீறலும்

அக்டோபர் 23, வியாழன்

மூன்றாவது நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. சட்டையெல்லாம் புகை வாடை.

போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைப்பு. மச்சான் (அக்கா வீட்டுக்காரர்) ஏலத்துக்குக் காய் கொண்டுபோய் போடியிலேயே மாட்டிக்கொண்டார். "ரெண்டு நாள் தோட்டத்தப் பாத்துக்கங்க மாப்ளே, உங்களுக்கும் லீவுதான" என்று என்னை இங்கே ஏற்றிவிட்டவர். இப்போது அவர் அங்கே புரோட்டா தின்கிறார், நான் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்குக் காவல். கரண்ட் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் டவர் ஒரு கோடு.

இருப்பு: அரிசி அரை மூட்டை, கருவாடு கொஞ்சம், மெழுகுவர்த்தி 4, பேனா 1.

ஒரே நல்லது, எழுத நேரம். செவ்வாய் அன்று ஸ்கூல் அறிவியல் மன்றத்தில் 'ரேடார் பிறந்த கதை' பேச வேண்டும். இன்று முடிந்தது ஜெர்மன் இன்ஜினியர். பனிமூட்டத்தில் கப்பல்கள் மோதாமலிருக்க, ரேடியோ அலையை அனுப்பி, கப்பலில் பட்டுத் திரும்பினால் மணி அடிக்கும் கருவி. ஆற்றுப் பாலத்தில் செய்தும் காட்டினார். வாங்க ஆளில்லை. பாவம்.

நடுவில் பேச்சியக்கா. காய் பொறுக்குபவர், தேவாரத்துக்காரர், தொழிலாளர்கள் குடியிருக்கும் ஆறு வீட்டு லயத்தில் கடைசி வீடு.

"சார், லயத்துக்கு மேல மண்ணு வாய் பொளந்துருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க. ஆட்டக் கொண்டாந்து இங்க கட்டிக்கிடவா? சினையா இருக்கு."

"மழைன்னா மண்ணு இளகத்தான் செய்யும்க்கா. ஒண்ணும் ஆகாது. ஆட்டக் கட்டுனா காய்ல வாடை ஏறும்னு மச்சான் கத்துவாரு. போய் சோலியப் பாருங்க."

தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு போனார்.

24, வெள்ளி

மழை விடவில்லை. கால்களில் அட்டை, மொத்தம் ஏழு. ஜீப்பு ஒன்றும் வரக் காணோம். பத்தடிக்கு அப்பால் வெறும் பனி. ஜெயிலில்கூட வாசல் கண்ணுக்குத் தெரியும்.

எழுதியது: இங்கிலாந்து. எதிரி விமானத்தை வீழ்த்தும் 'மரணக் கதிர்' முடியுமா என்று அரசாங்கம் கேட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், கொல்ல முடியாது, வருவதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. பிறகு கடற்கரை நெடுகக் கோபுரங்கள். பிறகு, மிகச் சிறிய அலைகளை உண்டாக்கும் ஒரு செம்புக் கட்டை, கையில் அடங்குவது, பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதன் புண்ணியத்தில் ரேடார் விமானத்துக்குள்ளேயே வைக்கும் அளவுக்குச் சிறுத்தது.

அடுத்து ஹவாய்த் தீவு. ஞாயிற்றுக்கிழமை காலை. நேரம் முடிந்தும் பழகிப் பார்க்கக் கருவியை அணைக்காத இரண்டு அமெரிக்கச் சிப்பாய்கள். திரையில் அதுவரை பார்க்காத பெரிய எதிரொலி. போன் செய்தார்கள். எடுத்த அதிகாரி, நம்ம விமானமாக இருக்கும், கவலை வேண்டாம் என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எதிரி விமானங்களின் குண்டு.

ஓரத்தில் குறித்தது: இந்த மடையனை நன்றாக வாரவும். பசங்கள் சிரிப்பார்கள்.

25, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் தூறல். காய் பொறுக்கிக்கொண்டே பேச்சியக்கா, "மூணு நாளா என்னத்த எழுதுறீக சார்?" என்றார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு. அலை, எதிரொலி, சிப்பாய், அதிகாரி, எல்லாம் சொன்னேன்.

"அந்த ஆபீசரு எங்க இருந்தாரு?"

"தூரத்துலக்கா. போன்லதான் பேசுனாரு."

"தூரமா." நாலு காயைப் பொறுக்கிப் போட்டார். "அப்ப அவரச் சொல்லிக் குத்தமில்ல சார். ஒரு எட்டு போய்ப் பாக்க முடியாதுல்ல."

என்னைக் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அந்த ஆபீசருக்காகப் பரிந்துதான் பேசினார். லயம் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

போனேன். கீறலில் கை முழங்கை வரை இறங்கியது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். பயந்துவிட்டேன்.

லயத்திலிருந்த பத்தொன்பது பேரையும் ஸ்டோருக்கு விரட்டினேன். பாய், குண்டான், ரேஷன் கார்டு, ஒரு டிவி. "வெரசா, வெரசா" என்று கத்தியதில் தொண்டை போய்விட்டது. ஆட்டை அவிழ்க்கப் பேச்சியக்கா தன் வீட்டுப் பக்கம் திரும்பி ஓடினார். மண் நழுவத் தொடங்கியிருந்தது. கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கடைசி இரண்டு வீடு இல்லை.

ஆள் எல்லாம் சரி. மூன்று தடவை எண்ணினேன்.

26, ஞாயிறு

வெயில். ஸ்டோரில் இருபது பேர், ஈரப் பாய் வாடை. தொட்டி மேல் நின்று மச்சானுக்குப் போன். ரோடு திறக்க இன்னும் ரெண்டு நாளாம். "சமயத்துல பாத்து எல்லாரையும் காப்பாத்திட்டீக மாப்ளே" என்றார்.

இறங்கி வந்து உரையில் 'மடையன்' வரியை அடித்தேன்.

பேச்சியக்கா வழக்கம்போலக் காய் முன்னால். தலை நிமிராமல்:

"ஆட்ட இங்க கட்டியிருந்தா காய்ல வாடை ஏறியிருக்குமா சார்?"

ஏறாதுக்கா என்றேன்.